பொதியின் பெயரும் எலியின் சிறுநீரகமும்

2025 மார்ச்சில் ஆனையிறவு உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டபோது, பொதிக்குச் சிங்களத்தில் ‘ரஜ லுணு’ என்று பெயர் வைத்ததற்காக வடக்குக் கொதித்தது. நியாயமான கொதிப்பு. எங்கள் களப்பில் விளையும் உப்புக்கு எங்கள் ஊரின் பெயர்தான் வேண்டும். அதே ஆண்டில் நாடு முழுக்க உப்புத் தட்டுப்பாடு வந்து, கப்பலில் உப்பு இறக்கினார்கள். பெயர், விலை, தட்டுப்பாடு மூன்றையும் வாய் ஓயாமல் பேசினோம். அந்தப் பொதியிலிருந்து ஓர் ஆளின் வயிற்றுக்குள் நாளொன்றுக்கு எத்தனை கிராம் போகிறது என்பதை எந்த மேடையிலும் ஒருவரும் கேட்கவில்லை. இதை எழுத வைத்தது அந்த மௌனம்தான்.

கணக்கு எளிது. நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். பாண், கருவாடு, மிக்ஸர் எல்லாவற்றிலும் உள்ள உப்பும் அதற்குள் அடங்க வேண்டும். ஒரு கிலோப் பொதி ஒரு மாதத்தில் முடிகிறதென்றால், தலைக்கு 8 கிராமுக்கு மேல் அந்தப் பொதியிலிருந்தே போய்விட்டது. குசினியில் இருக்கும் பொதியில் பிரித்த திகதியை எழுதி வைத்துப் பாருங்கள்.

அந்த உப்பு உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை எலிகள் எப்போதோ காட்டிவிட்டன. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் லூயிஸ் டால் என்ற வைத்தியர் எலிகளுக்கு உப்பு மிகுந்த தீனி போட்டார். சிலவற்றுக்கு இரத்த அழுத்தம் எகிறியது; சிலவற்றுக்கு அசையவில்லை. ஏறியதை ஏறியதோடும் ஏறாததை ஏறாததோடும் இணைசேர்த்தார். சில தலைமுறைகளில் இரண்டு வம்சங்கள் பிரிந்துவிட்டன. வாலில் சிறு பட்டி சுற்றி, வாலைச் சூடேற்றி அழுத்தம் பார்ப்பார்கள். கிளினிக்கில் எங்கள் கையில் சுற்றும் பட்டியின் குட்டி வடிவம் அது. நூற்றுக்கு எட்டுப் பங்கு உப்புள்ள தீனியில், முதல் வம்சத்தின் இதயச் சுவர் தடித்தது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் தழும்பேறிச் சிறுநீரில் புரதம் ஒழுகியது. இரண்டாம் வம்சம் அதே தீனியைத் தின்று தப்பியது. தப்பிய எலியின் சிறுநீரகத்தை மற்றதற்குள் வைத்துத் தைத்தபோது அழுத்தம் இறங்கியது. மாற்றி வைத்தபோது ஏறியது. அழுத்தம் சிறுநீரகத்தின் பின்னால் போனது.

டால் அதோடு நிற்கவில்லை. கடையில் விற்ற குழந்தை உணவையே எலிகளுக்கு ஊட்டினார். உப்புக்குத் தாங்காத வம்சத்துக்கு அழுத்தம் ஏறியது, சில செத்தன. 1970இல் அதை அச்சிலும் போட்டார். உப்புச் சுவை குழந்தைக்காக அல்ல, ருசி பார்க்கும் தாய்க்காகவே சேர்க்கப்பட்டது என்ற வாதம் எழுந்தது. அந்தப் பத்தாண்டுக்குள் அமெரிக்கக் கம்பனிகள் குழந்தை உணவில் உப்பைக் குறைத்து, பின் சேர்ப்பதையே கைவிட்டன. எலியின் சாவு ஒரு நாட்டுக் குழந்தைகளின் கிண்ணத்தை மாற்றியது.

இங்கே என்ன சொல்கிறார்கள்? “எலியும் மனுசனும் ஒண்டோ?” ஒன்றல்லத்தான். ஆனால் நீங்கள் நாளும் போடும் பிரஷர்க் குளிசைகள் எலியின் உடலைத் தாண்டாமல் உங்கள் கைக்கு வரவில்லை. குளிசைக்கு எலி சாட்சி, உப்புக்கு மட்டும் சாட்சி இல்லையா? “எங்கட அப்பு கருவாடு திண்டு தொண்ணூறு வயசு இருந்தவர்” என்பது அடுத்த வாதம். அப்பு துலா மிதித்தவர்; புகையிலைத் தோட்டத்தில் வியர்வை சிந்தியவர். நாங்கள் மோட்டர் ஆளியைத் தட்டிவிட்டு, மோர்மிளகாயும் அப்பளமுமாகச் சாப்பிட்டுப் படுக்கிறோம். அப்பு டாலின் இரண்டாம் வம்சமாகவும் இருந்திருக்கலாம். பேரன் எந்த வம்சம் என்று யாருக்குத் தெரியும்? எட்டு வீத உப்பு இயற்கைக்கு மாறான அளவு என்பவர்கள், நன்றாக உப்பிட்ட கருவாட்டை ஒருமுறை நாக்கில் வைத்துப் பார்க்கட்டும்.

எலியை வதைப்பது பாவம் என்பவர்களின் மனம் புரிகிறது. அந்த உயிர்கள் தந்த பாடத்தைப் படிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய பாவம்.

உப்பில் அரசு கைவைக்க முடியாது என்பதும் பொய். 1995இலேயே கண்டமாலைக்காக உப்பில் அயடீன் சேர்ப்பதைச் சட்டமாக்கிய நாடு இது. 2019இலிருந்து பொதி உணவுகளில் உப்புக்கு நிறப் புள்ளியும் உண்டு. பேக்கரிப் பாணுக்கும், நிறுத்துக் கட்டித் தரும் மிக்ஸருக்கும், சந்தைக் கருவாட்டுக்கும் அந்தப் புள்ளியை எங்கே ஒட்டுவது? உப்பையே மாற்றும் வழியும் உண்டு. சீனாவில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம், உப்பில் கால் பங்கைப் பொற்றாசியம் குளோரைட்டாக மாற்றிப் பார்த்தார்கள். பக்கவாதம் 14 வீதம் குறைந்தது என்று 2021இல் முடிவு வெளியானது. சிறுநீரக நோயாளிகளுக்கு அது ஆகாது. அதைப் பொதியிலேயே எழுதலாம்.

ஆகவே, ஆனையிறவிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு பொதியின் முகத்திலும் ‘ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள்’ என்று தமிழில் பெரிதாக அச்சிட வேண்டும். பாணுக்கும் மிக்ஸருக்கும் உப்பின் உச்ச அளவைச் சட்டமாக்க வேண்டும். அதே தொழிற்சாலையில் பொற்றாசியம் கலந்த உப்பும் தயாராக வேண்டும். இவை நடந்தால், அடுத்த பத்தாண்டில் யாழ்ப்பாணத்தில் இரத்தச் சுத்திகரிப்புக் கட்டில்களுக்கான வரிசை குறையலாம். பெயருக்காகத் தெருவில் இறங்கியவர்களே, பொதியில் அச்சிட வேண்டிய அந்த ஒரு வரிக்காகவும் இறங்குங்கள்.