இறுக்கிய போல்ட்டை மறுபடியும் இறுக்குங்கள்

ரோட்டவேட்டருக்குப் புதுக் கத்தி மாட்டி, நட்டுகளை நன்றாக இறுக்கிவிட்டு வயலில் இறங்குகிறீர்கள். இரண்டாம் நாள் ஒரு கத்தி ஆடுகிறது. இன்னொன்றைக் காணவே இல்லை. 'மெக்கானிக் சரியாக இறுக்கவில்லை' என்கிறோம். பல நேரங்களில் தவறு அவருடையது அல்ல. இறுக்கிய பிறகு யாரும் திரும்பிப் பார்க்காததுதான் தவறு.

போல்ட் ஒருவகையில் ஸ்பிரிங் மாதிரி. நட்டை இறுக்கும்போது அது நீள்கிறது. மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த இழுவிசைதான் கத்தியை அழுத்திப் பிடிக்கிறது. கத்தியும் அது மாட்டும் தகடும் சேர்ந்து 20 மி.மீ. கனம் என்றால், போல்ட் நீள்வது சுமார் 0.05 மி.மீ. மட்டுமே. இடையில் உள்ள பெயின்ட், துரு, மண் ஆகியவை நசுங்கி 0.02 மி.மீ. இறங்கினாலே பிடிப்பில் ஏறக்குறைய பாதி போய்விடும். நட்டு கொஞ்சமும் திரும்பியிருக்காது. பார்வைக்கு இறுக்கமாகவே தெரியும். அதன்பின் கல்லில் மோதும் கத்தி பக்கவாட்டில் நழுவும். அந்த நழுவல் நட்டைத் தானாகக் கழற்றும். ஸ்பிரிங் வாஷரை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

கைபலமும் உதவாது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ 90 சதவீதம் உராய்வுக்கே போகிறது. மரையில் துரு இருந்தால், கை வலிக்க இறுக்கினாலும் பிடிப்பு வராது.

செய்ய வேண்டியது எளிது. மாட்டும் முன் இரு பரப்புகளையும் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். மரை தேய்ந்த போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். முதல் ஒன்றிரண்டு மணி நேர உழவுக்குப் பின் எல்லா நட்டுகளையும் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். பிறகு தினமும் காலையில் சரிபாருங்கள். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, ரோட்டவேட்டருக்கு முட்டுக் கொடுத்த பிறகே அடியில் கைவையுங்கள். டிராக்டர் சக்கர நட்டுகளுக்கும் இதே விதிதான்.

36 கத்தி என்றால் 72 போல்ட். அரை மணி நேரமாவது ஆகும். இங்கேதான் உண்மையான சிக்கல். மணிக்கணக்கு வாடகையில் அந்த அரை மணி யாருடையது? ஓட்டுநர் நிறுத்தினால் விவசாயி முகம் சுளிக்கிறார். ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டுமே என்ற கவலை அவருக்கு. ஆகவே யாரும் இறுக்குவதில்லை. கத்தி விழுந்த இடத்தில் மண் வெட்டுப்படாமல் கட்டியாக நிற்கிறது. முளைப்பு சீராக இருப்பதில்லை. தெறிக்கும் கத்தி பக்கத்தில் நிற்பவர் காலையும் பதம் பார்க்கும்.

அந்த அரை மணியை வாடகை மீட்டரில் சேர்க்காமல், இயந்திர உரிமையாளரின் பராமரிப்புச் செலவாகக் கணக்கிடுவதே நியாயம். விரிவாக்கப் பணியாளர்களே, செயல்விளக்கத்தில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவதோடு நிற்காதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து நிறுத்தி, ரெஞ்சை விவசாயியின் கையிலேயே கொடுங்கள். நட்டு எவ்வளவு நகர்கிறது என்பதை அவரே பார்க்கட்டும்.