காந்தமலை எது?

திருவண்ணாமலையைப் பற்றி எழுதப்படும் ஆன்மிகத் துணுக்குகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. இம்மலை மாபெரும் காந்தம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவரின் இரத்தத்திலுள்ள இரும்பை அது ஈர்த்து உடலைச் சீர்செய்கிறது. இதை அறிவியலே ஒப்புக்கொண்டுவிட்டது. எந்த அறிவியல், அளந்தவர் யார், அளவு என்ன என்ற வினாக்களுக்கு அங்கே விடை கிடைப்பதில்லை. தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வழக்கு என்று நண்பர்கள் கேட்கலாம். வழக்கு உண்டு. மாணவர்களின் விடைத்தாள்களிலும் இச்செய்தி நுழைந்துவிட்டது என்பது ஒன்று. மலையைக் காந்தமாகக் காணும் பார்வை கவிதைக்குச் சொந்தமானது என்பது மற்றொன்று. கவிதையின் உடைமையைப் போலி அறிவியலுக்குத் தத்துக் கொடுத்துவிட்டு நாம் வாளாவிருக்கிறோம்.

உவமையின் வழியைச் சற்றுப் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மெய்கண்டார் சிவஞானபோதத்தின் ஐந்தாம் சூத்திரத்தில் காந்தத்தையும் இரும்பையும் கொண்டுவருகிறார். பொறிகள் உயிரால் அறிகின்றன. ஆனால் தம்மையும் அறியா, தம்மை இயக்கும் உயிரையும் அறியா. அதுபோல உயிரும் அருளால் அறிகிறது. இதை விளக்கவே காந்தத்தின் முன்னிலையில் இரும்பு கொள்ளும் அசைவு அங்கே பேசப்படுகிறது. 1896 முதல் 1950 வரை திருவண்ணாமலையிலேயே வாழ்ந்த ரமணர், தம் அருணாசல பதிகத்தில் மலையையே உயிர்களை வலிக்கும் காந்தமாகப் பாடினார். அவர் இழுபடக் கண்டது உயிர், ஹீமோகுளோபின் அன்று. துணுக்கெழுத்தாளர்கள் உயிரை நீக்கிவிட்டு இரத்தத்தை வைத்தார்கள். உவமை விழுந்த இடம் அதுதான்.

இனி அளவுகளுக்கு வருவோம். திருவண்ணாமலைப் பகுதியில் பூமியின் காந்தப் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. மருத்துவமனைகளில் எம்.ஆர்.ஐ. படமெடுக்கும் கருவி ஒன்றின் புலம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா, அதாவது முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அக்குழாய்க்குள் அரைமணி நேரம் படுத்துக் கிடப்பவரின் இரத்தம் ஒருபக்கமாக இழுபட்டு நிற்பதில்லை. காரணம் எளிது. இரும்பு அணு இருக்குமிடமெல்லாம் இரும்பின் குணம் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினைக் காந்தம் ஈர்ப்பதில்லை, மிக மெலிதாக விலக்கவே செய்கிறது என்பதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியெலும் 1936இலேயே காட்டிவிட்டனர். ஐயமுள்ளவர்கள் ஒரு திசைகாட்டியோடு கிரிவலம் வரலாம். மலை வலிய காந்தமானால் ஊசி வழிநெடுகத் தடுமாற வேண்டும். அது எப்போதும்போல வடக்கையே காட்டிக்கொண்டிருக்கும்.

இப்படிச் சொன்னதும், “அறிவியல் கவிதையைக் கொன்றுவிடும்” என்று ஒரு குரல் எழும். நான் நேர்மாறாகக் கருதுகிறேன். உண்மையான அறிவியல் அந்த உவமையை இன்னும் ஆழமாக்குகிறது.

இரும்பு ஏன் இழுபடுகிறது? அதன் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்பகுதிகள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனித்தனியே ஒரு காந்தம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை நோக்கி நிற்பதால் ஒன்றன் வலிமையை மற்றொன்று அழிக்க, மொத்த இரும்பும் சடமாகக் கிடக்கிறது. 1907இல் பியேர் வெய்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் முன்வைத்த கருத்து இது. வெளியே ஒரு காந்தம் அண்மையில் வந்ததும் உள்ளிருக்கும் நுண்பகுதிகள் ஒருமுகப்படுகின்றன; இரும்பு தானும் காந்தமாகிறது. செம்பின் அருகே அதே காந்தத்தை எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் அது அசையாது. பக்குவம் என்று சைவ நூல்கள் பேசுவதை வகுப்பில் விளக்க இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டை நான் அறியேன். ஒரு வேறுபாடும் உண்டு. இரும்பும் காந்தத்தை அதே விசையோடு இழுக்கிறது என்பது இயற்பியல். சித்தாந்தி இதற்கு இசையமாட்டார். பாதகமில்லை, உவமை ஒருபுடை ஒப்புமையே என்று நம் உரையாசிரியர்கள் முன்பே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

திருவண்ணாமலை பஞ்சபூதத் தலங்களில் நெருப்புக்குரியது என்பதை இங்கே நினைக்கவேண்டும். காந்தக்கல்லைக் காய்ச்சிக்கொண்டே போனால் ஓர் எல்லையில் அதன் ஈர்ப்பு மறைந்துவிடும். மாக்னடைட் என்னும் இயற்கைக் காந்தத் தாதுவுக்கு அந்த எல்லை ஏறத்தாழ 580 பாகை செல்சியஸ்; இரும்புக்கு 770. 1895இல் இதை ஆராய்ந்த பியேர் கியூரியின் பெயரால் அது கியூரி வெப்பநிலை எனப்படுகிறது. அறிவியலின்படி நெருப்பு காந்தத்தின் பகை. ஒரே மலை தழலாகவும் காந்தமாகவும் நிற்கக் கவிதையில் மட்டுமே இடமுண்டு. இரண்டையும் சோதனைச் சாலைக்கு இழுத்துவந்தால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும்.

உண்மையில் காந்தமலை வேண்டுமென்றால் அதுவும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது: கவுத்திமலையும் வேடியப்பன்மலையும். கருநிற மாக்னடைட்டும் படிகக்கல்லும் பட்டை பட்டையாக அடுங்கிய பாறை அங்கே உள்ளது. சேலத்துக் கஞ்சமலையும் இவ்வகையைச் சேர்ந்ததே. உயர்தரத் தாதுக்களை நோக்க இதில் இரும்பின் பங்கு குறைவு. ஆயினும் பாறையைப் பொடியாக்கிக் காந்த உருளைகளின் வழியே செலுத்தினால் கருந்துகள் ஒட்டிக்கொள்ளும், மணல் உதிர்ந்துவிடும். ஆகவே காந்தத்தன்மையே அம்மலைகளுக்கு விலையாயிற்று. தமிழக அரசு நிறுவனத்தோடு சேர்ந்து ஜிண்டால் குழும நிறுவனம் 325 ஹெக்டேர் காப்புக்காட்டில் தாது வெட்ட முனைந்தது. 2008இல் சுற்றியுள்ள ஊர்களின் உழவர்களும் சூழலியலாளர்களும் கடுமையாக எதிர்த்தனர். திட்டம் நிறைவேறவில்லை.

வேடியப்பன் என்பது இவ்வட்டாரத்து மக்கள் நடுகல் வீரனுக்கு வழங்கும் பெயர். செங்கம் நடுகற்களைப் பாடமாக நடத்தும் நமக்கு அம்மலையின் பெயரே போதிய அழைப்பு. அதன் பாறையை உடைத்துப் பொடியாக்கிக் காந்தத்தைக் காட்டினால் எவர் கண்முன்னும் துகள் துள்ளி எழும். ஆனால் அண்ணாமலையின் காந்த சக்தியைப் பக்கம் பக்கமாக எழுதும் துணுக்குகளில் இம்மலைகளைப் பற்றி ஒரு வரியையும் நான் கண்டதில்லை. காந்தம் என்ற சொல்லுக்குக் கிடைக்கும் வணக்கம் காந்தக்கல்லுக்குக் கிடைக்கவில்லை. அதைக் காக்க நின்றவர்கள் அங்கே ஆடுமாடு மேய்ப்பவர்களும் கிணற்றுநீரை நம்பிப் பயிர் செய்பவர்களுமே.

காந்தத்தையும் தமிழையும் ஒருங்கே அறிந்தவர் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவில் பணியாற்றிய காலத்தில் படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அவை திரும்பும் விதத்தை அளந்து உலகப்புகழ் பெற்றார். தமிழிலும் வடமொழியிலும் தோய்ந்தவர் அவர். அந்த மரபு தொடரவேண்டுமானால் தமிழாசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். ஐந்தாம் சூத்திரம் நடத்தும் நாளில் ஒரு சட்டக் காந்தத்தையும் கைப்பிடி இரும்புத்தூளையும் வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். துகள்கள் வரிசைகொள்வதை மாணவர் தம் கண்ணால் பார்க்கட்டும். இயன்றால் ஒருநாள் வேடியப்பன்மலை அடிவாரம் வரை அவர்களை நடத்திச் செல்லுங்கள். கிரிவலம் வழக்கம்போல நடக்கட்டும். அதற்கு எவருடைய சான்றிதழும் தேவையில்லை.