கண்ணகி மாதிரி இரும்மா!

நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். வாழ்த்திப் பேச வந்த பெரியவர் மணப்பெண்ணைப் பார்த்து, "கண்ணகி மாதிரி இரும்மா" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். "கோவலன் மாதிரி இருந்துடாதே தம்பி" என்று மாப்பிள்ளையிடம் சொல்லத்தான் ஆளில்லை.

சிலப்பதிகாரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள் நண்பர்களே. மனைவியை விட்டுவிட்டு மாதவி வீட்டில் இருந்தவன், அங்கிருந்து ஏன் எழுந்து வந்தான்? கண்ணகி ஞாபகம் வந்ததாலா? இல்லை. கடற்கரையில் மாதவி பாடிய பாட்டைக் கேட்டு, இவள் மனசில் வேறொருவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். ஒரே ஒரு பாட்டைத் தாங்கவில்லை ஆண் கௌரவம்! கண்ணகி மட்டும் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். கைப்பொருள் தீர்ந்து வந்தவனிடம், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.

அவள் ஊமை இல்லை. கொலைக்களக் காதையில், நீங்கள் நடந்துகொண்டது பெரியோர் போற்றாத நடத்தை என்று கணவனின் முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். அவனுக்காக அரசனிடம் வாதாடி மதுரையையே எரித்தவள், தனக்காக அவனிடம் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான்.

32 வருஷம் பாடம் நடத்தினேன். கண்ணகியின் பொறுமை பற்றி எத்தனையோ கட்டுரை எழுத வைத்தேன். இந்த இடத்தை ஒருநாளும் நிறுத்திச் சொல்லவில்லை. என்னிடம் படித்த பிள்ளைகளே, மன்னியுங்கள். உங்கள் மகள்களுக்கு இதைச் சொல்லுங்கள். மகன்களுக்கு அதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.