நூறு கிராமின் கணக்கு யாருடையது?

அண்மையில் ஒரு கருத்தரங்கின் தேநீர் இடைவேளையில், சட்டம் பயிற்றுவிக்கும் மூத்த பேராசிரியர் ஒருவர் வினேஷ் போகாட்டைப் பற்றிப் பேச்செடுத்தார். பேச்சு வழக்கமான இடத்தில் வந்து நின்றது. “விதி எல்லாருக்கும் ஒன்றுதானே? தெரிந்துதானே போனார்? நூறு கிராமைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவருக்கு எதற்கு இத்தனை அனுதாபம்?” சுற்றி நின்றவர்கள் தலையசைத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நாளை என் ஆய்வேட்டை மதிப்பிடும் குழுவில் அவர் இருக்கக்கூடும் என்னும் கோழைத்தனமே காரணம். அதை ஒப்புக்கொண்டு, அங்கே விழுங்கியதை இங்கே சற்று நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையிருப்பவர்கள் படிக்கலாம்.

2024 ஆகஸ்ட் 6, பாரிஸ். மகளிர் 50 கிலோ மல்யுத்தப் பிரிவில் வினேஷ் ஒரே நாளில் மூவரை வென்றார். முதலாமவர் ஜப்பானின் யுய் சுசாகி. டோக்கியோவில் தங்கம் வென்றவர், பன்னாட்டுக் களத்தில் அதுவரை தோல்வியே அறியாதவர். அடுத்து உக்ரைனின் ஒக்சானா லிவாச், மாலையில் கியூபாவின் குஸ்மான். ஒலிம்பிக் இறுதிப் போட்டியை எட்டிய முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவர். அன்று காலை எடைச் சோதனையில் 50 கிலோவுக்குள்தான் இருந்தார். மூன்று போட்டிகளுக்கிடையே அருந்திய நீரும் உண்ட சிற்றுணவும் சேர்ந்து, அரையிறுதிக்குப் பின் எடை 2.7 கிலோ கூடியிருந்ததாக அணியின் மருத்துவர் சொன்னார். மறுநாள் காலையிலும் எடை பார்ப்பார்கள். அதற்கு ஓர் இரவு இருந்தது.

அந்த இரவைப் பற்றி அவருடைய பயிற்சியாளர் வோலர் ஆகோஷ் பிறகு முகநூலில் எழுதினார்; எழுதிய சில நாட்களில் நீக்கியும் விட்டார். நள்ளிரவு முதல் விடியற்காலை ஐந்தரை மணிவரை ஓட்டக் கருவிகளும் நீராவி அறையும் மாறி மாறி நடந்தன. வினேஷ் ஒருமுறை சரிந்து விழுந்தார்; எழுப்பி மீண்டும் நீராவி அறைக்குள் அனுப்பினார்கள். இவர் இறந்துவிடுவாரோ என்று தாம் அஞ்சியதாக அந்தப் பயிற்சியாளரே குறிப்பிட்டிருந்தார். தலைமுடியை வெட்டினார்கள், உடையைக் குறைத்தார்கள். காலையில் தராசு நூறு கிராம் கூடுதலாகக் காட்டியது. விதிப்படி அவர் இறுதிப் போட்டியை மட்டும் இழக்கவில்லை; முந்தைய நாள் பெற்ற மூன்று வெற்றிகளும் இல்லாமற்போய், பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்பட்டார். நீரிழப்புக்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோதே நாடு முழுவதும் அவருடைய எடையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தது.

கடைசி ஒரு கிலோ கொழுப்பன்று. கொழுப்பு ஓரிரவில் கரையாது. அது நீர். நீர் வற்றும்போது இரத்தத்தின் அளவு சுருங்குகிறது, அதை ஈடுகட்ட இதயம் விரைந்து துடிக்கிறது, சிறுநீரகம் திணறுகிறது, உப்புகளின் சமநிலை குலைகிறது, ஒரு கட்டத்தில் வியர்வையே நின்றுபோய், உட்சூடு வெளியேற வழியின்றி உயர்கிறது. வியர்வை நின்ற உடலை நீராவி அறைக்குள் வைத்திருப்பதற்குப் பெயர் ‘எடை மேலாண்மை’. வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கிறது, இல்லையா? இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரும் அச்சொல்லையே பயன்படுத்தினார்: எடை மேலாண்மை வீரரும் பயிற்சியாளரும் பார்த்துக்கொள்ள வேண்டியது, சங்கம் நியமித்த மருத்துவரின் பொறுப்பன்று. சொன்னவர் பி. டி. உஷா. ஓடுகளத்தில் உடலைத் தேய்த்த ஒருவர் சொன்னார் என்பதால்தான் எனக்கு அது கூடுதலாக வலித்தது.

இனிப் பேராசிரியரின் வாதத்திற்கு வருகிறேன். ‘தெரிந்துதானே போனார்?’ நான் தொழிலாளர் நலச் சட்டங்களின் வரலாற்றைப் படிப்பவன். இந்தக் கேள்வியை ஆவணக் காப்பகங்களில் பலமுறை சந்தித்திருக்கிறேன். அது பேராசிரியருடையதன்று, ஆலை முதலாளிகளுடையது. 1835-இல் இங்கிலாந்தில் ஒரு கசாப்புக் கடைக்காரரின் வண்டி, பாரம் மிகுந்ததால் முறிந்து, அதில் சென்ற ஊழியரின் தொடை எலும்பு உடைந்தது. பிரீஸ்ட்லி எதிர் ஃபௌலர் என்று இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு. வண்டியில் பாரம் கூடுதல் என்பது முதலாளிக்குத் தெரிந்த அளவுக்கு ஊழியருக்கும் தெரிந்திருக்கும். விருப்பமில்லையென்றால் மறுத்திருக்கலாமே என்று நீதிபதி கேட்டார். அந்த ஒரு கேள்வியின் நிழலில் எத்தனையோ ஆண்டுகள் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் இரயில் பாதைகளிலும் கை கால் இழந்தவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்பினார்கள். ஆபத்தை அறிந்து ஏற்றான். ஆகவே அதன் விளைவும் அவனுடையதே என்பது கோட்பாடு.

நம் நாட்டில் 1923-இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. வேலையின் போக்கில் நேர்ந்த விபத்துக்கு, யார் தவறு என்று முதலில் நிறுவாமலே இழப்பீடு தர வேண்டும் என்றது. 1938-இல் வந்த முதலாளிகள் பொறுப்புச் சட்டம், ‘தெரிந்துதானே வேலைக்கு வந்தான்’ என்னும் தற்காப்பைக் கட்டுப்படுத்தியது: ஆபத்து தொழிலாளிக்கு முழுமையாக விளக்கப்பட்டு, அவர் அதைப் புரிந்து, தாமாக முன்வந்து ஏற்றார் என்று முதலாளி நிறுவினாலன்றி அது செல்லாது என்றது. காலனி ஆட்சியே கட்டுப்படுத்திய வாதத்தை, பேராசிரியர் தேநீர்க் கோப்பையோடு எடுத்துவந்து வைத்தார். 1923 சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் யானை பழக்குவோருக்குக்கூட இடம் இருந்தது. மல்யுத்தம் செய்வோருக்கு நான் தேடியவரை அங்கே இடம் இருக்கவில்லை. இத்தனைக்கும் வினேஷ் அப்போது இரயில்வே ஊழியர்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு; அதைத் தாண்டிப் போவது நேர்மையாகாது. 53 கிலோவில் போட்டியிட்டு வந்தவர் ஏன் 50-க்கு இறங்கினார்? அவர் எடுத்த முடிவுதானே? ஆம், அவர் எடுத்த முடிவுதான். ஆனால் எந்த வாசல்கள் திறந்திருந்தன என்று பாருங்கள். உலக மல்யுத்தப் போட்டிகளில் மகளிருக்குப் பத்து எடைப் பிரிவுகள். ஒலிம்பிக்கில் ஆறே ஆறு. ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர். 53 கிலோவில் இந்தியாவுக்கான இடத்தை அந்திம் பங்கால் பெற்றுவிட்டார். மேலே போனால் 57, கீழே வந்தால் 50. 2023-ஆம் ஆண்டில் பல வாரங்களை அவர் எங்கே கழித்தார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: ஜந்தர் மந்தரின் நடைபாதையில், பாலியல் தொல்லை குறித்த புகாரைக் காவல்துறை பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டு. மே 28 அன்று காவலர்கள் அவரைத் தரையோடு இழுத்துச் சென்ற படத்தை நாம் எல்லாரும் பார்த்தோம். பயிற்சிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய வாரங்கள் அவை. இவ்வளவையும் கழித்துவிட்டு மீதி நிற்பதை ‘அவருடைய தேர்வு’ என்கிறோம்.

விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது உண்மை. விதி தெளிவாக இருந்தது. தீர்ப்பாயம் விதியைத் திருத்த முடியாது. ஆனால் அந்தத் தீர்ப்பின் முழு வடிவத்தைப் படித்தவர் எத்தனை பேர்? வினேஷ் முறைகேடாக எதையும் செய்யவில்லை என்பதையும், இரண்டாம் எடைச் சோதனையில் தவறியதன் விளைவுகள் மிதமிஞ்சிக் கொடியவை என்பதையும் தனி நடுவர் எழுதிவைத்திருக்கிறார். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்ணுடல் நீரைத் தேக்கிவைக்கும் என்பதும் வாதத்தில் முன்வைக்கப்பட்டது. தராசுக்கு அது பொருட்டில்லை. தொலைக்காட்சி விவாதங்களிலோ அதைச் சொல்லவே கூசினார்கள்.

அந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. அதே பாரிஸில், 57 கிலோ பிரிவில் அமன் செராவத் அரையிறுதியில் தோற்றபின் ஓரிரவில், ஏறக்குறைய பத்து மணி நேரத்தில், 4.6 கிலோ குறைத்தார். மறுநாள் வெண்கலம் வென்றார். ஏடுகள் அதை மனவுறுதியின் காவியமாக எழுதின. நானும் மகிழ்ந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. இருவரும் செய்தது ஒரே வேலை. இருவரின் இதயங்களும் ஒரே ஆபத்தினூடே சென்றன. ஒருவரின் தராசு வளைந்துகொடுத்தது, மற்றவருடையது கொடுக்கவில்லை. இவருக்கு வீரம் என்றும் அவருக்கு அலட்சியம் என்றும் பெயரிட்டோம். அமனுக்கு அன்றிரவு ஏதேனும் நேர்ந்திருந்தால், அவரையும் ‘தெரிந்துதானே செய்தார்’ என்றிருப்போம்.

நேராது என்று எண்ண வேண்டாம். 1997-இன் இறுதியில், அமெரிக்காவில் ஐந்து வாரங்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கும் முயற்சியில் மாண்டனர். அதன்பின்தான் அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பு நீராவி அறைகளையும் இரப்பர் உடைகளையும் தடை செய்தது; எடைச் சோதனையைப் போட்டிக்கு அருகே கொண்டுவந்தது; சிறுநீரின் அடர்த்தியைப் பார்த்து, உடலில் நீர் இருக்கும்போதே அவரவர்க்குரிய குறைந்தபட்ச எடையை வரையறுக்கும் முறையைக் கொணர்ந்தது. ஆக, விதி என்பது வானிலிருந்து விழுந்ததன்று. மூன்று பிணங்களுக்குப் பின் அங்கே மாறியது. இங்கே எத்தனை வேண்டும்?

நம் கணக்கிலும் பிணங்கள் உண்டு. 1998-இல் டாக்காவில் தலைக்கவசமின்றி மட்டையாளருக்கு மிக அருகே நின்ற ரமன் லாம்பா, பந்து தலையில் பட்டு மூன்றாம் நாள் இறந்தார். 2004 டிசம்பரில் பெங்களூரில், ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் டெம்போ அணிக்காக இரண்டு கோல்கள் அடித்த பிரேசிலியர் கிறிஸ்தியானோ ஜூனியர், இரண்டாவது கோலை அடித்த கணமே கோல்காப்பாளரோடு மோதி விழுந்து எழவேயில்லை. களத்திலிருந்த மருத்துவ ஏற்பாடுகளைப் பற்றிச் சில வாரங்கள் கூச்சலிட்டோம். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் போர்ச்சுகலின் ரொனால்டோவையா கேட்கிறாய் என்கிறார்கள் என் விடுதி நண்பர்கள்.

உடல் முறிவது ஒருபுறம். அந்த உடலைப் பார்க்கும் நம் கண்கள் மறுபுறம். தராசில் ஏறும்போது எடையை மட்டுமா பார்க்கிறோம்? 2021-இல் டோக்கியோவில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல்கள் அடித்தார் வந்தனா கட்டாரியா. ஒலிம்பிக் ஹாக்கியில் அதைச் செய்த முதல் இந்தியப் பெண். சில நாட்களில் அரையிறுதியில் அணி தோற்றதும், ஹரித்துவாருக்கு அருகே அவருடைய வீட்டின் முன் ஆதிக்க சாதியைச் சேர்ந்த சிலர் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் மிகுந்துவிட்டதால்தான் தோல்வி என்று ஏசினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பாகிஸ்தானிடம் தோற்ற இரவில், பதினொருவரில் ஒருவரை மட்டும் துரோகி என்றார்கள். அவர் பெயர் முகமது ஷமி. 2025 மார்ச்சில் அதே ஷமி ரமலான் பகலில் ஆட்டத்தின் நடுவே பானம் அருந்தியதற்கு, அவர் சமயத்தைச் சேர்ந்த மதத்தலைவர் ஒருவர் குற்றவாளி என்றார். அவருடைய தொண்டைக்குள் எது இறங்குகிறது என்று கண்காணிக்க எத்தனை பேர்! சாந்தி சௌந்தரராஜனை நான் சொல்லித்தான் தமிழர்கள் அறிய வேண்டுமென்பதில்லை. 2006-இல் தோஹாவில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற கதக்குறிச்சிப் பெண்ணின் பாலினத்தைச் சோதித்து, பதக்கத்தைப் பறித்து, அவர் உடலை உலகச் செய்தியாக்கினோம். பின்னாளில் அவர் செங்கல் சூளையில் வேலை செய்தார். டூட்டி சந்த் வழக்காடி 2015-இல் அந்த விதிகளை நிறுத்திவைக்கச் செய்தபோது, சாந்திக்கு அதனால் எதுவும் திரும்பவில்லை.

‘கோடிகளில் சம்பாதிக்கிறார்களே, இதெல்லாம் அதற்கான விலை’ என்பார் அடுத்தவர். கோடிகளில் சம்பாதிப்போர் சில கிரிக்கெட் வீரர்கள். செங்கல் சூளையில் கோடி கிடைப்பதில்லை.

ஒரு செய்தியோடு நிறுத்திக்கொள்கிறேன். என் விடுதியில் மூன்று அறைகள் தள்ளி, ஹரியானாவிலிருந்து வந்த முதுகலை மாணவர் ஒருவர் இருக்கிறார். பல்கலைக்கழகங்களுக்கிடையேயான போட்டிக்குத் தேர்வானவர். பத்து நாட்களாகப் பிற்பகல் வெயிலில், சட்டைக்குள் பாலித்தீன் உறையைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறார். நேற்று மாலை படிக்கட்டில் உட்கார்ந்து, வாயை நனைத்துத் துப்ப மட்டும் தண்ணீர் கேட்டார். உதடுகள் வெடித்திருந்தன. மருத்துவ மையத்தில் காட்டினாயா என்றேன். “காட்டினால் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள், பையா” என்றார்.

விளையாட்டுத் துறைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறேன். தேர்வுக்கு முன்பே நீர்நிலைச் சோதனை நடத்தி ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடையை எழுத்தில் வரையறுக்க வேண்டும். எடைச் சோதனை நடக்கும் இடத்தில் மருத்துவர் ஒருவர் இருக்க வேண்டும். எடை தவறியவரை அந்த ஒரு போட்டியிலிருந்து மட்டுமே விலக்க வேண்டும். இந்த மூன்றுதான். நாளை மறுநாள் கொடுக்கிறேன். கையொப்பமிட விரும்பும் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் உள்பெட்டிக்கு வாருங்கள். அந்தப் பேராசிரியருக்கும் ஒரு படி அனுப்பியிருக்கிறேன். இதை எழுதி முடிக்கும்வரை பதில் இல்லை.