மேகமில்லா இரவின் கணக்கு

நீலகிரியில் உறைபனி கொட்டும் இரவுகளில் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்திருக்கும், காற்று அசையாது. மேகம் மூடிய இரவில் தேயிலையும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் தப்பிவிடும். வானத்திலிருந்து குளிர் இறங்குவதாகச் சொல்கிறோம். உண்மையில் செடியின் வெப்பம்தான் வானத்துக்குப் போகிறது.

எல்லாப் பொருளும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிராக வெளியிடுகிறது. 5 டிகிரி செல்சியஸில் உள்ள நிலமும் இலையும் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 339 வாட் வெளியிடும். வானமும் சும்மா இருப்பதில்லை. தெளிந்த வானத்தில் நீராவியும் கரியமில வாயுவும் வெப்பக் கதிரைக் கீழே திருப்பி அனுப்புகின்றன. அதில் பெரும்பகுதி தரையை ஒட்டிய காற்றடுக்கிலிருந்தே வருகிறது. ஆகவே தரையில் அளந்த வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் வைத்தே அதைக் கணக்கிடலாம். இதற்கு 1975இல் புரூட்சார்ட் என்ற அறிஞர் ஒரு சூத்திரம் தந்தார்.

கணக்கைப் பாருங்கள். ஊட்டியில் 5 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், அந்தச் சூத்திரப்படி தெளிந்த வானம் திருப்பித் தருவது சுமார் 238 வாட். நிகர இழப்பு சுமார் 101 வாட். டெல்டாவில் ஈரம் நிறைந்த 22 டிகிரி இரவில் நிலம் சுமார் 430 வாட் இழக்கும். வானம் 372 வாட் தரும். இழப்பு சுமார் 58 வாட்தான். சூத்திரம் கடல்மட்டக் காற்றுக்கு வகுக்கப்பட்டது. 2,200 மீட்டர் உயரத்தில் வானம் தருவது இன்னும் சற்றுக் குறையும்.

ஆக, உறைபனியின் திறவுகோல் நீராவி. மேலே சொன்ன ஊட்டி இரவில் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி பனித்துளியாக மாறும் வெப்பநிலை, மைனஸ் 2 டிகிரி. இலை அதுவரை குளிர்ந்தாலும் பனித்துளி படியாது. துளி படியும்போது வெளிவரும் வெப்பமும் கிடைக்காது. வெண்பனியே தெரியாமல் செடி கருகும். காற்று ஈரமாக இருந்தால் பனித்துளி முன்பே படிந்து, வெப்பநிலை விழும் வேகத்தைக் குறைக்கும்.

எனவே குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் நம்பாதீர்கள். வானிலைக் கூண்டு நான்கடி உயரத்தில் இருக்கிறது. அதில் 3 டிகிரி காட்டும்போதே தரையோரத்து இலை உறைந்திருக்கலாம். மாலையில் பனிநிலை பூஜ்யத்துக்குக் கீழே, வானம் தெளிவு, காற்று இல்லை என்றால் அன்றிரவே தயாராகுங்கள்.

பகலில் மண்ணை நனைத்துவிடுங்கள். ஈர மண் பகல் வெப்பத்தைச் சேர்த்து வைத்து இரவில் கொடுக்கும். செடிகளுக்கு இடையே காய்ந்த மூடாக்கைப் பரப்பாதீர்கள். அது மண்ணின் வெப்பம் மேலே வராமல் தடுக்கும். அதே காய்ந்த புல்லை நாற்றுகளுக்கு மேலே பந்தலாக இட்டால் நன்மை. குளிர்ந்த வானத்துக்குப் பதில் அந்தப் பந்தல் நாற்றுக்கு வெப்பம் திருப்பும். மெல்லிய பாலித்தீன் தாள் வெப்பக் கதிரை வெகுவாக வெளியே விட்டுவிடும். சணல் சாக்கு மேல். புகை மூட்டுவதில் பெரும் பயனில்லை. புகைத்துகள் வெப்பக் கதிரைத் தடுக்கும் அளவுக்குப் பெரியதல்ல. தெளிப்புநீர் விடுவதாயின் உறைவதற்கு முன்பே தொடங்கி, வெயிலில் பனிக்கட்டி உருகும் வரை நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தினால் சேதம் கூடும்.

வேளாண் வானிலை ஆலோசனைகள் உறைபனிப் பருவத்தில் பனிநிலையையும் மேக அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விரிவாக்கப் பணியாளர்கள் குளிர்காற்று தேங்கும் பள்ளமான தோட்டங்களில் ஓர் உலர்-ஈரக் குமிழ் வெப்பமானியை இலை உயரத்தில் வைத்து, மாலைதோறும் பதிவு செய்து ஊருக்குச் சொல்லலாம். ஒரு பருவத்து நாற்றங்காலின் மதிப்போடு ஒப்பிட்டால் அந்தக் கருவியின் விலை பெரிதல்ல.