தேரிக்குப் போங்க... வண்டியை வெளியிலேயே நிறுத்துங்க!

நண்பர்களே, மணல்மேடு பார்க்க ராஜஸ்தானுக்கு டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. திருச்செந்தூர் பக்கத்துல இருக்கிற குதிரைமொழித் தேரிக்குப் போயிருக்கீங்களா?

கண்ணுக்கு எட்டின தூரம் வரை செக்கச்சிவந்த மணல். துகள்கள் மேல படிஞ்சிருக்கிற இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்புக்குக் காரணம். காற்று பல ஆயிரம் வருஷமா குவிச்ச மணல் இது. இந்த வட்டாரத் தேரிகளில் கற்கால மனிதனின் நுண்கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்க. சுத்தியும் தேரி, நடுவுல நல்ல தண்ணிச் சுனை! பெய்யிற மழையை மணல் உறிஞ்சி நிலத்தடி நீரா சேர்த்து வைக்குது. தேரியை வெறும் தரிசுன்னு சொல்றவங்களுக்கு இந்தச் சுனையே பதில்.

ஆனா இதுக்குப் பாதுகாப்பு எவ்வளவு தெரியுமா? 2011, 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகள் மணல்மேடுகளை உச்சகட்டப் பாதுகாப்புப் பிரிவில் வைத்திருக்கின்றன. அந்தச் சட்டம் கடலோரத்தில் நிலப்பக்கமா 500 மீட்டர் வரைக்கும்தான். நம்ம தேரியோ கடலை விட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே! வனத்துறை எல்லைக்குள் இருப்பதற்குக் காவல் உண்டு. அதுக்கு வெளியே இருக்கிற தேரிக்கு யார் பொறுப்பு? மணலில் இல்மனைட் இருக்கு. 2007ல் சாத்தான்குளம் பகுதி மக்கள் டைட்டானியம் ஆலைக்கு எதிரா ஏன் கொதிச்சு எழுந்தாங்கன்னு மறந்துடக் கூடாது.

"சுற்றுலா வந்தா ஊருக்கு வருமானம் வருமே?" கண்டிப்பா வரட்டும். அது உடன்குடி கருப்பட்டி விற்கிற அக்காவுக்கும், பனையேறும் அண்ணனுக்கும், வழிகாட்டுற உள்ளூர்த் தம்பிக்கும் போய்ச் சேரணும். மணலை வளைச்சு ரிசார்ட் கட்டுறவங்களுக்கு இல்லை.

நாங்கள் கேட்பது மூன்றுதான்:

1. தேரி முழுவதையும் அளந்து, எல்லை குறித்து, சட்டப் பாதுகாப்பு கொடுங்கள்.
2. மணலுக்குள் வண்டி ஓட்டத் தடை. சக்கரம் ஏறினா மணலைப் பிடிச்சு வச்சிருக்கிற செடி கொடி போயிடும். அப்புறம் ஆடிக் காத்துல மணல் தோட்டத்துக்குள்ள வரும்.
3. நடைபாதை, குடிநீர், கழிப்பறை தேரிக்கு வெளியே. உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை.

நீங்க போகும்போது விடியக்காலையிலேயே போங்க, நடந்து போங்க, பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்துட்டு வாங்க. போட்டோ மட்டும் போடாம, இந்த மூணு கோரிக்கையையும் சேர்த்துப் பகிருங்க.

#தேரி_நம்_சொத்து #தேரியைக்_காப்போம்

- தகவல் தொழில்நுட்ப அணி, தூத்துக்குடி மாவட்டம்