பாதி ஊசி பசுவைக் காக்காது!

பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி... கொடைக்கானல் மலையிலே இப்படி எத்தனையோ ஊர்கள். அங்கே கறவை மாடு வைத்திருப்பவருக்கு, பால் விற்ற காசுதான் அன்றாடச் செலவுக்கு.

அந்த மாட்டுக்கு மடிநோய் வந்தால்? மடி வீங்கும். பால் திரிந்து வரும். குடும்பமே கலங்கிப் போகும்.

இந்த நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது பாக்டீரியா என்னும் கிருமி. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகளில் புகழ் பெற்றது பென்சிலின். 1928-ல் லண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டுபிடித்தது.

பென்சிலின் எப்படி வேலை செய்கிறது? பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. கிருமி வளர வளர, சுவரையும் கட்டிக்கொண்டே போக வேண்டும். பென்சிலின் அந்தக் கொத்தனாரின் கையைக் கட்டிவிடுகிறது! சுவர் பலம் இழக்கிறது. கிருமி வெடித்துச் சாகிறது. மாட்டின் உடல் அணுக்களுக்கு இந்தச் சுவர் கிடையாது. ஆகவே அவை தப்புகின்றன. பன்றிக்கும் மனிதனுக்கும் இதே கதைதான்.

ஆனால், கோமாரி நோய் வேறு. அது வைரஸால் வருவது. அந்தக் கிருமியைப் பென்சிலின் கொல்லாது. அதற்கு முன்கூட்டியே தடுப்பூசி போட வேண்டும்.

டாக்டரைக் கேட்காமல் கடையில் மருந்து வாங்கிப் போடுவது தவறு. குறைந்த அளவு போடுவது பெருந்தவறு. சாகாமல் தப்பிய கிருமிகள் பெருகும். பிறகு அதே மருந்துக்கு அவை அசையா! பிளெமிங்கே 1945-ல், நோபல் பரிசு உரையில் இதை எச்சரித்தார்.

மனிதருக்குக் கடைசி ஆயுதமாக உள்ள மருந்து கோலிஸ்டின். அதைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்க 2019-ல் மத்திய அரசு தடை விதித்தது. மாட்டுக் கொட்டகையில் பழகிய கிருமி, வீட்டுக்குள் வர எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்று. ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்தும் கலந்து வரும். டாக்டர் சொன்ன நாள் வரை அந்தப் பாலை விற்கக் கூடாது. குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது. நஷ்டம்தான். ஆனாலும் அதுவே நியாயம்.

மலைவாசிகளை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. நோயுற்ற மாட்டை வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டு போக முடியுமா? டாக்டர் அல்லவா மாட்டைத் தேடி வர வேண்டும்! 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பது அரசின் ஏற்பாடு. அது கடைசி மலைக் கிராமத்துக்கும் காலத்தில் போய்ச் சேர வேண்டும்.

டாக்டர் வந்தால், கடை ஊசி தானாகவே நின்றுவிடும்!